வாப்பாவின் மழைக்கோட்டு

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் நம் வீட்டுத் திண்ணையில் ஆண்டுதோறும் ஒரு வழக்கு எழும். கடலோரம் நின்று தூண்டில் போடுவதற்கு எதனை உடுத்திச் செல்வது என்பதே அவ்வழக்கு. சென்ற முறை அதனைக் கொண்டு வந்தவன் நம் லாத்தாவின் மகன். சென்னையில் பணிபுரியும் அவன் விடுப்பில் காயல்பட்டினம் வந்திருந்தான். கையில் ஒரு புதிய மழைக்கோட்டு, முழங்காலுக்குக் கீழே தொங்கும் நீளம், கருநீல நிறம், கழுத்திலிருந்து கீழ்வரை உலோகப் பொத்தான்கள்.

"மாமா, இதைப் போட்டுக்கிட்டா ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே வராது" என்றான்.

அவன் மகிழ்ச்சியைக் கெடுக்க நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் வாளாவிருக்கவும் இயலவில்லை. உள்ளறைக்குச் சென்று, பழைய மரப்பெட்டியைத் திறந்து, இடுப்பளவில் வெட்டப்பட்ட ஒரு ரப்பர்க் கோட்டை எடுத்து வந்து அவன்முன் விரித்தோம். ரப்பர் இளகிப் பிசுபிசுத்து, மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. "இது யாருடையது?" என்று கேட்டான். "உன் அப்பாவுடையது, அதாவது நம் வாப்பாவுடையது" என்றோம்.

நம் ஊர்க் கடற்கரையை அறிந்தோர்க்கு வாடைக் காலத்தின் சுவையும் தெரியும், சோதனையும் தெரியும். வடக்கே புன்னைக்காயலில் தாமிரபரணி கடலோடு கலக்கின்றது. மழைவெள்ளம் இறங்கி நீர் கலங்கும்போது மீன்கள் இரை தேடிக் கரையை அண்டி வரும். கிழங்கானும் பாறையும் கெளிறும் அலை உடையும் இடத்திற்குச் சற்று அப்பால் திரியும். அங்கே ஈயக்குண்டு விழ வேண்டுமாயின், தூண்டிற்காரர் முழங்கால் நீரில் இறங்கிக் கம்பைச் சுழற்றி வீசிவிட்டுப் பின்வாங்க வேண்டும். படகில் இருப்பவர்க்கும் குளக்கரையில் அமர்ந்திருப்பவர்க்கும் இல்லாத தொல்லை இது. மேலிருந்து மழை, முன்னிருந்து தூவானம், கீழிருந்து அலை, கம்பை உயர்த்தும்போது தங்கூஸ் நரம்பு வழியே இறங்கி முழங்கைவரை ஓடும் நீர், இவை போதாவென்று உள்ளிருந்து ஊறும் வியர்வை. ஆகத் தண்ணீர் ஐந்து வழிகளில் வருகின்றது. கடைக்காரர் நமக்கு விற்பதோ முதல் வழியை அடைக்கும் கோட்டு மட்டுமே.

1976 ஆம் ஆண்டு. நமக்கு அப்பொழுது வயது பதினேழு. வாப்பா கொழும்பில் வணிகம் செய்து வந்தார்கள். தம் முதல் இலாபத்தில் அங்கே வாங்கிய கோட்டு அது. வெளியே கறுத்த துணி, உள்ளே ரப்பர்ப் பூச்சு, கணுக்காலைத் தொடும் நீளம். ஊருக்கு வரும்போதெல்லாம் அதனைத் துடைத்து நிழலில் தொங்கவிடுவார்கள். ஒரு கார்த்திகை மாதத்து மாலை, அஸர் தொழுகைக்குப் பின், அவர்களிடம் கேளாமலே அதனை எடுத்து மாட்டிக் கொண்டு, ரப்பர்க் காலணியும் அணிந்து கடற்கரைக்குச் சென்றோம். தூறலில் நின்றபோது உள்ளே ஒரு துளியும் படவில்லை. அரசனுக்குரிய பெருமிதம் நமக்கு.

இருமுறை தூண்டில் வீசினோம். மூன்றாம் முறை இறங்கியபோது ஓர் அலை தொடையில் மோதிற்று. அதன் பின்னே வந்தது நெஞ்சில் மோதிக் கீழே தள்ளிற்று. விழுந்தவன் எழுந்துவிடலாம், நாமோ எழ இயலவில்லை. காலணிகள் இரண்டும் நீர் நிரம்பிக் குடங்களாயின. கோட்டின் கீழ்ப்பகுதி விரிந்து பாய்மரம்போல் நின்றது. கரையேறிய அலை திரும்பிக் கடலுக்கு ஓடும் இழுப்பு முழுவதையும் அது வாங்கிக் கொண்டது. பொத்தான்களைக் கழற்ற முயன்றால், ஈரத்தில் விரல்கள் வழுக்கின. மழையை உள்ளே விடாத கோட்டு, உள்ளே புகுந்த கடலை வெளியே விடவுமில்லை.

கரையில் வலை பொத்திக் கொண்டிருந்த சிங்கித்துறை மீனவர் ஒருவர் ஓடி வந்தார். அவர் நம் கையைப் பற்றி இழுக்க முதலில் முனையவில்லை. இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துப் பொத்தான்களைக் கழுத்திலிருந்து வரிசையாக அறுத்தார். கோட்டு கழன்ற பின்னரே நம்மைக் கரைக்கு இழுத்தார். மணலில் கிடந்து இருமிக் கொண்டிருந்த நம்மை நோக்கி, "தம்பி, கடலுக்கு வரும்போது நனையாம இருக்க நெனைக்காதீங்க. நனைஞ்சா கழத்திப் போட முடியணும். கழத்தின பொறகு உடுத்த ஒரு காஞ்ச துணி கரையில இருக்கணும். அம்புட்டுத்தான்" என்றார்.

இந்த மூன்று வாக்கியங்களுக்கு மேலாக ஓர் அறிவுரையை இத்துறையில் நாம் இன்றுவரை கேட்டதில்லை. பிற்காலத்தில் படித்தறிந்தவை யாவும் அவற்றுக்கு விளக்கவுரையாகவே அமைந்தன.

மனிதன் மழைக்கு உடை தேடிய வரலாறு சுவையானது. நம் பக்கத்து உழவர் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் இட்டனர். வடகடல்களில் மீன் பிடித்தோர் துணியில் ஆளிவிதை எண்ணெயைத் தோய்த்து உலர்த்தி அணிந்தனர். 1823 இல் ஸ்காட்லாந்துக்காரரான சார்லஸ் மக்கின்டாஷ், இரண்டு துணிகளுக்கிடையே கரைத்த ரப்பரைப் பூசி ஒட்டுவதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த ரப்பர் வெயிலில் இளகியது, குளிரில் விறைத்தது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறையை அமெரிக்காவில் சார்லஸ் குட்இயரும் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக்கும் 1840களில் நிலைநாட்டிய பிறகே அக்குறை பெரிதும் நீங்கிற்று. வாப்பாவின் கோட்டு இந்தப் பரம்பரையைச் சேர்ந்தது.

ரப்பரானாலும் பிளாஸ்டிக்கானாலும் ஒரு குறை மட்டும் நீங்கவில்லை. வெளிநீரைத் தடுப்பது உள்நீரையும் தடுக்கும். உடலிலிருந்து எழும் ஆவி கோட்டின் உட்புறத்தில் பட்டுக் குளிர்ந்து துளியாகின்றது. "கோட்டு ஒழுகுகின்றது" என்று பலர் குறை கூறுவது பெரும்பாலும் தம் வியர்வையைக் கண்டுதான். 1969 இல் அமெரிக்கரான பாப் கோர் நுண்துளைகள் நிறைந்த ஒரு மெல்லிய படலத்தை உருவாக்கும் வழி கண்டார். நீர்த்துளி புக இயலாத, ஆவி மட்டும் போகக்கூடிய துளைகள் அவை. அவ்வகைத் துணியாலான மேலங்கிகள் இன்று பெருவிலைக்கு விற்கின்றன. ஆனால் ஆவி வெளியேற வேண்டுமாயின் உட்புறம் வெம்மையும் ஈரமும் மிகுந்து, வெளிப்புறம் குறைந்திருக்க வேண்டும். குளிர்நாட்டில் அவ்வேறுபாடு பெரிது. நம் கரையில் மழைக்காலத்துக் காற்றே வெதுவெதுப்பாக நீராவி நிறைந்து நிற்கின்றது. ஆவி எங்கே போகும்? போதாக்குறைக்கு உப்பும் அழுக்கும் வெளித்துணியில் படிந்துவிட்டால், நீர் முத்தாக உருண்டோடாமல் துணியில் ஊறிப் பரவி, இருக்கும் வழியையும் அடைத்துவிடும். ஆதலின் நம் ஊர்த் தூண்டிற்காரர் அதற்கெனப் பெரும்பொருள் செலவிட வேண்டுவதில்லை. கழுத்திலும் அக்குளிலும் காற்றோட்டம் உள்ள எளிய மேலங்கியே நமக்குப் போதும்.

அவ்வாறாயின் எதனைத் தேர்வது? மருமகனுக்குச் சொன்னதையே வாசக அன்பர்க்கும் சொல்கின்றோம்.

முதலாவது, நீளம். மேலங்கி இடுப்போடு நிற்க வேண்டும். அமெரிக்காவின் கேப் காட், மான்டாக் போன்ற கரைகளில் கடல்நீர் குளிர்ந்தது. ஆகவே அங்குள்ள தூண்டிற்காரர் மார்புவரை ஏறும் நீர்புகாக் காற்சட்டை அணிந்து, அதன்மேல் குட்டையான மேலங்கியிட்டு, வெளியே இறுக்கமாக ஒரு பட்டை கட்டுகின்றனர். விழுந்தாலும் நீர் விரைந்து உள்ளே நிரம்பாதிருக்கவே அந்தப் பட்டை. நம் கடல்நீரோ குளிரால் வருத்துவதன்று. ஈர உடம்பில் படும் வாடைக்காற்றே வருத்துவது. எனவே இடுப்புக்குக் கீழே நனையட்டும் என்று விட்டுவிட்டு, நீரைப் பிடித்து வைக்காத மெல்லிய நைலான் அரைக்காற்சட்டையும், காலோடு இறுகக் கட்டும் காலணியும் அணிதல் நன்று. நீரில் இறங்குவோர்க்கு உயரமான ரப்பர்க் காலணி வேண்டா. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. காலிலும் கோட்டிலும் இருபது லிட்டர் புகுந்தால், எழ முயலும்போது இருபது கிலோவைத் தூக்கியாக வேண்டும்.

இரண்டாவது, திறப்புகள். மணிக்கட்டில் இறுக்கும் பட்டை இல்லையேல் நரம்பு வழி வரும் நீர் அக்குள்வரை ஓடும். தலைமூடி தலையோடு திரும்ப வேண்டும். பக்கவாட்டில் வரும் அலையை மறைக்கும் மூடி ஆபத்தானது. ஜிப்பு பிளாஸ்டிக்கால் ஆனதாக இருக்கட்டும். உலோகத்தை உப்பு தின்றுவிடும். தையல்களின் உட்புறத்தில் பட்டை ஒட்டியிருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். துணி எத்துணை உயரிய நீர்த்தூணைத் தாங்கும் என்று சீட்டில் எழுதியிருப்பினும், ஊசி புகுந்த துளைகளை அந்த எண் அடைத்துவிடாது. வாங்கிய அன்றே அதனை அணிந்து, தோளிலும் கையிலும் ஒரு குடம் நீரை ஊற்றச் சொல்லிப் பார்ப்பது நலம்.

மூன்றாவது, நிறம். மஞ்சளோ செம்மஞ்சளோ ஆகட்டும். கருநீலம் கடலில் கரைந்துவிடும். தேடுபவர் கண்ணுக்குத் தென்படாது.

நான்காவது, உள்ளாடை. பருத்தி நீரை உறிஞ்சி வைத்துக் கொண்டு உடல்வெப்பத்தைக் கவரும். விரைவில் உலரும் செயற்கை நூலாடையே உள்ளே ஏற்றது. கரையை விட்டகன்றதும் மாற்றிக் கொள்ள, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு கைலியும் சட்டையும் கட்டாயம் வேண்டும்.

ஐந்தாவது, யாவற்றினும் முதன்மையானது. வீட்டில் நின்று, கையை ஈரமாக்கிக் கொண்டு, ஒரு கையால் பத்து எண்ணுவதற்குள் அம்மேலங்கியைக் கழற்ற முடிகின்றதா என்று சோதிக்க வேண்டும். முடியாததை, அது எத்துணை உயர்ந்ததாயினும், கடலுக்குக் கொண்டு செல்லலாகாது.

கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் தொங்கவிட வேண்டும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் உட்பூச்சு செதில் செதிலாக உரியும்.

இத்தனையும் இருந்தும் போகாதிருக்க வேண்டிய நாட்கள் உண்டு. இடி முழங்கினால் கம்பை மடக்கிவிட வேண்டும். இக்காலத்துக் கார்பன் கம்புகள் மின்சாரத்தைக் கடத்துவன. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில், 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை நம் ஊரில் பதிவாயிற்று. அத்தகைய மழைக்கு எந்தத் தையற்காரரும் உடை தைத்ததில்லை.

இனி வாப்பாவின் கோட்டுக்கு வருவோம். அன்று பொத்தான் அறுந்த கோட்டைச் சுமந்து, நடுங்கிக் கொண்டே வீடு திரும்பினோம். உம்மா அழுதார்கள். வாப்பா கோட்டைத் தொட்டும் பார்க்கவில்லை. "மூச்சு சீரா வருதா?" என்று மட்டும் கேட்டார்கள். அன்றிரவே சிங்கித்துறைக்குச் சென்று அந்த மீனவரைக் கண்டு வந்தார்கள். என்ன பேசினார்கள் என்பதை நம்மிடம் சொல்லவில்லை.

மறுநாள் சுபுஹு தொழுகை முடிந்து வந்ததும் நம்மைத் திண்ணைக்கு அழைத்தார்கள். கோட்டை நம் உடம்பில் மாட்டி நேராக நிற்கச் சொன்னார்கள். கரித்துண்டால் இடுப்பளவில் ஒரு கோடு இழுத்தார்கள். பின்னர் அதனைக் கழற்றித் தரையில் விரித்து, உம்மாவின் கத்தரிக்கோலை வாங்கி அந்தக் கோட்டின் வழியே வெட்டினார்கள். ரப்பர் எளிதில் வெட்டுப்படவில்லை. கட்டைவிரல் சிவந்து போயிற்று. அறுந்த பொத்தான்களின் இடத்தில், இழுத்தால் அவிழும் நாடா முடிச்சுகளை உம்மா தைத்துக் கொடுத்தார்கள். வெட்டிய கீழ்ப்பாதி விறகை மூடப் பயன்பட்டது.

"இனி இதைப் போட்டுக்கிட்டுப் போ" என்றார்கள் வாப்பா. கடலுக்குப் போகாதே என்று சொல்லவில்லை. தம் முதல் இலாபத்தை வெட்டியதற்காக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதன்பின் ஊரில் மழை பெய்தபோதெல்லாம் பள்ளிக்குக் குடையோடுதான் போனார்கள்.

மருமகன் நெடுநேரம் அந்த வெட்டுவிளிம்பைத் தடவிப் பார்த்தான். அதில் கத்தரிக்கோல் நின்று நின்று சென்ற பற்கள் இன்னும் தெரிகின்றன. பிறகு தன் நீளக்கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்தான். "இது சென்னையில பஸ்ஸுக்கு நிக்கப் போட்டுக்கிறேன் மாமா" என்றான். அதற்கு அது மிகவும் ஏற்றதே. நம்முடைய மஞ்சள் மேலங்கியை அவனுக்குக் கொடுத்தோம். ஒரு கையால் கழற்றிக் காட்டச் சொன்னோம். எட்டு எண்ணுவதற்குள் கழற்றிவிட்டான்.

அன்று மாலை இருவரும் சென்றோம். இடுப்புக்குக் கீழே நன்றாக நனைந்தோம். மேலே ஓரளவு உலர்ந்திருந்தோம். கிடைத்தவை நான்கு கிழங்கான்கள். மஃரிபுக்கு முன் கைலி மாற்றிக் கொண்டு வீட்டு வாசலை மிதித்தபோது, லாத்தா விளக்கேற்றி வைத்துக் காத்திருந்தார்கள். மகனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, மீனை வாங்கிக் கொண்டு உள்ளே போனார்கள்.