தெளிஞ்சிருச்சா?

2020 மே மாதம். பெங்களூரு பெல்லந்தூரில் ஒரு ஃப்ளாட்டில் தனியாக இருந்தேன். காலை ஒன்பதரைக்கு ஸ்டாண்டப் கால், அப்புறம் நாள் முழுக்க மீட்டிங். ராத்திரி ஏழு மணிக்கு லேப்டாப்பை மூடிவிட்டு படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு வருவேன். ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வருவது என்றால் அந்த நாட்களில் அவ்வளவுதான். ஊரடங்கில் எல்லாரும் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். டீமில் ஒருத்தன் ரொட்டி சுட்டான், ஒருத்தி கிதார் வாங்கினாள். நான் எலுமிச்சைச் சாற்றைத் தெளிய வைக்க ஆரம்பித்தேன்.

எதற்கு என்று கேட்டால், சோடாவுக்குத்தான். பாரில் கிடைக்கும் ஜின் ஃபிஸ்ஸில் மேலே சோடா ஊற்றுவார்கள். ஊற்றியதுமே பாதி கேஸ் போய்விடும், மிச்சம் இருப்பது உப்புசப்பில்லாமல் இருக்கும். கலந்த மொத்தத்துக்கும் கேஸ் ஏற்றினால் என்ன என்று தோன்றியது. சின்ன கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர், ரெகுலேட்டர், பெட் பாட்டிலில் மாட்டுகிற மூடி எல்லாம் வாங்கினேன். ஜின், பிழிந்த எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, தண்ணீர் எல்லாவற்றையும் ஊற்றி அழுத்தத்தைத் திறந்தேன். மூடியைக் கழற்றியதும் பாதி பானம் சமையலறைச் சுவரில் இருந்தது.

காரணம் சாற்றின் கலங்கல். பிழிந்த சாற்றில் கண்ணுக்குத் தெரியாத நார்த்துணுக்குகள் மிதக்கின்றன. பெக்டின் அவற்றை அடியில் படிய விடாமல் தாங்கிப் பிடித்திருக்கும். திரவத்தில் கரைந்திருக்கும் வாயு வெளியே வர ஒரு பிடிமானம் தேடும். ஒவ்வொரு துணுக்கும் அதற்கு ஒரு பிடிமானம்தான். மூடியைத் திறந்த நொடியில் லட்சக்கணக்கான இடங்களில் ஒரே நேரத்தில் குமிழி கிளம்பினால் அது சோடா இல்லை, பொங்கல்.

நியூயார்க்கில் புக்கர் அண்ட் டாக்ஸ் என்ற பாரை நடத்திய டேவ் அர்னால்ட், 2014இல் ‘லிக்விட் இன்டெலிஜென்ஸ்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். அதில் சாற்றைச் சுழற்றிப் பிரிக்க சென்ட்ரிஃபியூஜ் வைத்திருப்பார். அது இல்லாதவர்களுக்கும் ஒரு வழி சொல்கிறார்: அகர். நம்ம ஊர் மளிகைக்கடையில் சைனா கிராஸ் என்று பாக்கெட்டில் விற்கிறதே, அதுதான்.

கணக்கு இப்படி: ஒரு லிட்டருக்கு 2 கிராம். ஆறு பழம் பிழிந்தால் எனக்கு 120 மில்லி சாறு வரும். 40 மில்லி தண்ணீரில் 0.32 கிராம் அகர் பொடியைப் போட்டு நன்றாகக் கொதிக்க விட வேண்டும். சாற்றைக் கொதிக்க வைக்கக் கூடாது, பச்சை வாசம் போய்விடும். கொதித்த அகரில் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கி, பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து ஆடாமல் விட வேண்டும். இளம் தயிர் மாதிரி உறையும். அதைக் கரண்டியால் மெதுவாக உடைத்து மெல்லிய துணியில் ஊற்றினால், துணுக்குகளை அகர் உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு தெளிந்த சாற்றை மட்டும் சொட்டுச் சொட்டாக விடும். அவசரப்பட்டுத் துணியைப் பிழிந்தால் அகரும் சேர்ந்து வந்துவிடும். முதல் நான்கு தடவை பிழிந்தேன். ஐந்தாவது தடவை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் மாதிரி ஒன்று சேர்ந்திருந்தது. நாக்கில் வைத்தால் சுள்ளென்று எலுமிச்சை.

மிச்சமெல்லாம் குளிர்தான். ஒரு லிட்டர் தண்ணீர் 0 டிகிரியில் சுமார் 1.7 லிட்டர் கார்பன் டை ஆக்ஸைடைக் கரைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் அதில் ஏறக்குறைய பாதிதான். அதனால் கலவையை ஃப்ரீசரில் வைத்து, உறையப் போகிற நேரத்தில் எடுப்பேன். பாட்டிலை நசுக்கிக் காற்றை வெளியேற்றி, மூடி போட்டு, 40 பிஎஸ்ஐ. காருக்கு 32 அடிப்போம், அதைவிடக் கொஞ்சம் அதிகம். ஒரு நிமிடம் குலுக்கி, மெதுவாகத் திறந்து நுரைக்க விட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். கரைந்திருக்கும் காற்று வெளியேற இதை மூன்று தடவை செய்ய வேண்டும். சோடா என்ற பொருளே இந்த மாதிரி ஒரு பக்கத்து வீட்டு விவகாரத்தில்தான் தொடங்கியது. ஜோசப் ப்ரீஸ்ட்லி இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு பீர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தார். நொதிக்கும் பீர் தொட்டிகளுக்கு மேல் தேங்கி நின்ற வாயுவைத் தண்ணீரில் பிடித்துப் பார்த்து, 1772இல் அதன் செய்முறையைச் சின்னப் புத்தகமாக வெளியிட்டார்.

நானும் எழுதி வைத்தேன், எக்செல் ஷீட்டில். தேதி, பழங்களின் எண்ணிக்கை, அகர் எத்தனை கிராம், வெப்பநிலை, அழுத்தம், நுரை எப்படி, பத்துக்கு எத்தனை மார்க். நகைக்கடைத் தராசில் 0.01 கிராம் வரைக்கும் நிறுத்தேன். கடைசியில் ஒரு ஃபார்முலா நிலைத்தது. ஒரு லிட்டர் பாட்டிலில் மேலே இடம் விட்டு 600 மில்லி: ஜின் 180, தெளிந்த சாறு 75, பாகு 60, தண்ணீர் 285. மூன்று கிளாஸ். தெளிந்த சாறு ஒரு நாளில் சுவை மாறிவிடும், திறந்த பாட்டிலில் கேஸ் நிற்காது. அதனால் அன்றைக்கே முடித்தாக வேண்டும். இது விஞ்ஞானம்.

2022 மார்ச்சில் அம்மா வந்தாள். எங்களுக்குப் பரமக்குடி பக்கம் ஒரு கிராமம். சமையலறைக்குள் வந்தவள் முதலில் பார்த்தது சிலிண்டரை.

“என்னய்யா, அடுப்பு கேஸு இம்புட்டுக்காணு இருக்கு?”

சொன்னேன். பாதிதான் சொன்னேன். சோடா போடுகிற மிஷின் என்றேன். அன்று சாயங்காலம் அவளுக்காக ஜின் இல்லாமல் ஒரு பாட்டில் செய்தேன். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“பழம் போட மறந்துட்டியாய்யா?”

“குடிச்சுப் பாரும்மா.”

ஒரு வாய் குடித்தாள். கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். “ஆத்தி, புளிக்குது!”

எப்படி என்று கேட்டாள். சைனா கிராஸ் பாக்கெட்டைக் காட்டினேன். “இது கடல்பாசில்ல? நோம்புக்கு பாய் வீட்டுலருந்து குடுத்து விடுவாகளே” என்றாள். எங்கள் மாவட்டத்துக் கடலில் பெண்கள் முங்கி எடுக்கும் பாசியிலிருந்து வருவதுதான் அகர். நான் அதை நியூயார்க்காரர் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொண்டிருந்தேன்.

“நாங்க தேத்தாங்கொட்டைய ஒரசுவோம்” என்றாள். ஊருணித் தண்ணீர் மழை பெய்தால் செம்மண்ணாகக் கலங்கி வரும். பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டுத் தண்ணீரை ஊற்றி ஆடாமல் வைத்தால், காலையில் மண் அடியில் உட்கார்ந்திருக்கும். தேற்றுதல் என்றால் தெளிய வைப்பது, ஆறுதல் சொல்வது, இரண்டும்தான். அம்மாவுக்கு இந்த விளக்கமெல்லாம் தேவையில்லை. “கைய விட்டுக் கலக்காம இருக்கணும், அம்புட்டுத்தான்” என்றாள்.

எங்கள் வீட்டில் தெளிவது என்ற சொல்லுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அப்பா ரைஸ் மில் மெக்கானிக். நல்ல கை. சாயங்காலம் குடித்துவிட்டு வந்து திண்ணையில் விழுந்தால் காலையில்தான் எழுந்திருப்பார். ஆறு மணிக்கு அம்மா என்னை எழுப்புவாள். “போயி அப்பாவுக்குத் தெளிஞ்சிருச்சான்னு பாரு.” போய்ப் பக்கத்தில் நிற்பேன். அவர் “மணி என்னடா?” என்று கேட்டால் தெளிந்துவிட்டது. வேறு எது கேட்டாலும் தெளியவில்லை. உள்ளே வந்து சொல்வேன். அதைப் பொறுத்துத்தான் அம்மா சில்லறை டப்பாவை வெளியே வைப்பதா, அரிசிப் பானைக்குள் வைப்பதா என்று முடிவு செய்வாள். மூன்றாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டல் போகிறவரை அது என் வேலை. 2011இல் கல்லீரல் போய் அப்பா இறந்தபோது எனக்கு வேலை கிடைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அம்மா கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

“இதுல சாராயமும் ஊத்துவியாய்யா?”

ஜின் பாட்டில்கள் அலமாரியில்தான் இருந்தன. “ஊத்துவேன்ம்மா” என்றேன்.

“ஊத்துனாலும் இப்பிடித்தான் இருக்குமா, தண்ணி கணக்கா?”

“ஆமா.”

“வாடை?”

“எலுமிச்சை வாசம்தான் தூக்கலா இருக்கும்.”

கிளாஸை ஒரு சுற்று திருப்பினாள். “உங்கப்பாவுக்குத் தெருமுக்குல வரும்போதே வாடை வந்துரும். எங்களுக்குச் சுதாரிக்க நேரம் இருக்கும்” என்றாள். அப்புறம், “எம்புட்டு ஊத்துவ?”

ரெசிபி கேட்டால் வாய் தானாகச் சொல்லும். “ஒரு பாட்டிலுக்கு நூத்தியெண்பது மில்லி.”

“குவாட்டரு” என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. மணி என்ன என்று கேட்டால் ஆறு என்று சொல்வது போலச் சொன்னாள். வருஷக்கணக்கில் திண்ணைக்கு அடியிலிருந்து காலிப் பாட்டில்களைப் பொறுக்கிப் போட்டவள், அதில் என்ன அச்சடித்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அந்த 180 என்ற எண்ணை நான் கையால் டைப் செய்திருக்கிறேன். 600இல் மூன்று 60 என்று மட்டுமே அதைப் பார்த்திருக்கிறேன். அப்பா அதில் வாட்டர் பாக்கெட்டைக் கடித்து ஊற்றினார், நான் 285 மில்லி அளந்து ஊற்றினேன்.

அவள் ஊருக்குப் போன ராத்திரி ஷீட்டைத் திறந்தேன். ஒவ்வொரு வரிசையும் ஒரு பாட்டில், ஒவ்வொன்றுக்கும் தேதி இருக்கிறது. எண்ணுவதற்குத் தேவையான எல்லாம் முதல் நாளிலிருந்தே அதில் இருந்தது. ஒரு பிவட் டேபிள் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. 2020 ஜூனில் நான்கு வரிசை, எல்லாம் சனிக்கிழமை. அந்த டிசம்பரில் ஒன்பது. 2021 ஏப்ரலில் பதினேழு. அம்மா வருவதற்கு முந்தைய மாதம், 28 நாள் உள்ள பிப்ரவரியில், இருபத்திரண்டு. நுரை எல்லாவற்றிலும் அருமை. கடைசிப் பத்துக்கும் ஒன்பது மார்க் போட்டிருந்தேன்.

ஒரு நாள்கூட ஸ்டாண்டப்புக்கு லேட் ஆனதில்லை. எங்கேயும் விழுந்ததில்லை. யாரையும் அடித்ததில்லை. இதையெல்லாம் அந்த ஷீட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்பாவும் மில்லுக்கு ஒரு நாளும் லேட்டாகப் போனதில்லை என்பது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது.

சிலிண்டரைத் தூக்கிப் போடவில்லை. சாறு இன்னும் தெளிய வைக்கிறேன், பெரும்பாலும் வெறும் சோடாவுக்கு. ஜின் வரிசைகள் குறைந்திருக்கின்றன, நின்றுவிடவில்லை. போன மாதம் ஐந்து. இப்போது மாதக் கடைசியில் எண்ணுகிறேன்.

அம்மா முன்னெல்லாம் ராத்திரி எட்டு மணிக்குத்தான் போன் செய்வாள். பெங்களூரிலிருந்து போனதிலிருந்து காலை ஆறு மணிக்குச் செய்கிறாள். விசேஷமாக எதுவும் கேட்பதில்லை. “எந்திரிச்சுட்டியாய்யா?” என்பாள். நான் பதில் சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டு, “சரி, வேலையப் பாரு” என்று வைத்துவிடுவாள். அவள் என்ன பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த வேலையை நான் பத்து வருஷம் செய்திருக்கிறேன்.