குவியத்திரை

எஸ்.எல்.ஆர். கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகும்போது எதிரே உள்ளதை நேராகப் பார்ப்பதாகவே நாம் எண்ணிக்கொள்கிறோம். பார்ப்பது தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு திரையைத்தான். வில்லை வழியே வரும் ஒளி, 45 பாகை சாய்ந்த கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி, இத்திரையில் பிம்பமாக விழுகிறது. அதற்கு மேலுள்ள பட்டகம் பிம்பத்தை நிமிர்த்திக் கண்ணுக்குத் தருகிறது. வில்லையிலிருந்து ஃபிலிமோ சென்சாரோ எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அதே தொலைவில் திரையும் இருக்க வேண்டும். திரையில் கூர்மையாகத் தெரிவது படத்திலும் கூர்மையாக விழும் என்ற நம்பிக்கை இந்தச் சமன்பாட்டின்மேல் நிற்கிறது.

கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்ட அந்தக்கால ஸ்டுடியோக்காரர்கள் தலைகீழாகப் பார்த்த தேய்த்த கண்ணாடியின் வாரிசு இது. 1959இல் வந்த நிக்கான் எஃப், வேலைக்குத் தக்கபடி திரையை மாற்றிக்கொள்ள இடம் தந்தது. 1982இல் வந்த எஃப்.எம்.2வில், வில்லையைக் கழற்றிய வாய் வழியே இடுக்கியால் திரையை மாற்றலாம். என் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது அந்தக் கேமராதான். ஊட்டியில் செய்த 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருளைப் போட்டு அதில் படம் எடுப்பார். நடுவட்டத்தில் பிம்பம் இரண்டாக வெட்டுப்பட்டு நிற்கும். வளையத்தைத் திருகத் திருக இரு பாதிகளும் நகர்ந்து ஒன்றுசேரும். சேர்ந்துவிட்டால் ஐயமில்லை.

1985இல் மினோல்ட்டா 7000 வந்தபின் நிலைமை மாறியது. குவியப்படுத்தும் பொறுப்பைக் கேமராவின் அடியிலுள்ள தனி உணரி ஏற்றுக்கொண்டது. கூர்மையைத் தீர்மானிக்கும் வேலை கண்ணிடமிருந்து போனதும், திரை செய்ய வேண்டியது ஒன்றுதான்: பளிச்சென்று இருப்பது. வேகம் குறைந்த ஜூம் வில்லைகளிலும் காட்சி இருளாதபடி நுண்வில்லைகள் பொறித்த பிளாஸ்டிக் திரைகள் வந்தன. அந்த வெளிச்சத்துக்கு ஒரு விலை உண்டு. எஃப் 1.4 வில்லையை மாட்டினாலும், அத்தகைய திரை ஏறத்தாழ எஃப் 2.8க்குரிய குவிய ஆழத்தையே காட்டும். விளிம்பிலிருந்து சரிந்து வரும் ஒளியை அது கண்ணுக்கு அனுப்புவதில்லை.

இது எனக்குப் புரிந்தது அம்மாயியின் மூக்குத்தியால். அம்மாயிக்கு 86 வயது. கல்யாண வீட்டுக் கூட்டத்தில் ஓரமாக நிற்கும் படங்களும் குடும்ப அட்டைப் படமும் தவிர, அவருக்கென்று ஒரு படம் கிடையாது. என்னிடம் இருப்பது 2005இல் வெளியான கேனான் 5டி. அதில் சித்தப்பாவின் 50 மி.மீ. எஃப் 1.4 வில்லையை ஓர் இணைப்பு வளையத்துடன் பொருத்தியிருக்கிறேன். நிக்கானின் வில்லை 46.5 மி.மீ. தொலைவுக்குச் செய்யப்பட்டது, கேனானின் தொலைவு 44. இடையிலுள்ள 2.5 மி.மீ. வளையத்துக்குப் போதும். தானியங்கிக் குவியம் கிடையாது. கண்ணை நம்பித்தான் எடுக்க வேண்டும். திரையில் அம்மாயியின் கண்ணும் மூக்குத்தியும் சேர்ந்தே துலங்கின. படங்களிலோ மூக்குத்தி ஜொலித்தது, கண் மங்கியிருந்தது. 70 செ.மீ. தொலைவில் எஃப் 1.4இன் குவிய ஆழம் சுமார் ஒன்றரை செ.மீ.தான். திரை எனக்குக் காட்டியது அதைப் போல் இரு மடங்கு.

ஐயத்தைத் தீர்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கண்ணை எடுக்காமல் துளை வளையத்தை 1.4இலிருந்து 2.8க்குத் திருகினேன். ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். திரையில் வெளிச்சம் மாறியதாகவே தெரியவில்லை. இல்லாத ஒளியை எப்படிக் குறைப்பது?

5டிக்கென்றே கேனான் செய்த ஈஈ-எஸ் என்ற மாற்றுத் திரையைப் பழைய சரக்காகத் தேடி வாங்கினேன். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து துடியலூர்ப் புழுதியைக் கிளப்பும் மாதங்களில் கேமராவைத் திறக்கக் கூடாது என்று ஐப்பசிவரை காத்திருந்தேன். வேலை பத்து நிமிடம்தான். கண்ணாடிக்கு மேலுள்ள சிறு கொக்கியை விடுவித்தால் சட்டம் கீழே தொங்கும். திரையின் காதை மட்டும் பிடித்துப் பழையதை எடுத்துப் புதியதை வைத்து, 'டிக்' என்று ஒலிக்கும்வரை சட்டத்தை மேலே அழுத்த வேண்டும். பரப்பில் விரல் படக் கூடாது, துடைக்கவும் கூடாது. தூசி விழுந்தால் காற்றால் ஊதலாம். நின்றுவிட்டாலும் அது படத்தில் வராது. ஒளிமானியும் இத்திரையைப் பார்த்தே கணக்கிடுவதால், மெனுவில் திரையின் வகையை மாற்றிக் குறிக்க வேண்டும்.

எங்கள் வீதியில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவரிடம், திரை 0.05 மி.மீ. இடம் பிசகினாலும் எஃப் 1.4இல் கூர்மை போய்விடும் என்றேன். "அம்பது மைக்ரானுங்களா? அதும் பிளாஸ்டிக்குலயா?" என்று திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சில கேமராக்களில் ஷிம் தகடு வைத்து அதைச் சரிசெய்வார்கள் என்றதும், தனக்குத் தெரிந்த உலகத்துக்குள் கேமராவும் வந்துவிட்ட நிறைவு அவர் முகத்தில் தெரிந்தது.

புதிய திரை இருண்டது. எஃப் 5.6 ஜூமை மாட்டினால் வீட்டுக்குள் அந்தி சாய்ந்ததுபோல் இருக்கும். ஆனால் துளையைத் திருகினால் திரையும் மங்குகிறது. கண்ணிமை துலங்கும்போது மூக்குத்தி கரைந்துபோகிறது. படத்திலும் அப்படியே. அம்மாயி பார்த்துவிட்டு, "மூக்குத்தி தெரியலையே கண்ணு" என்றார்.

கண்ணாடியற்ற கேமராக்கள் பரவிவிட்ட இன்று இந்தச் சங்கடம் இல்லை. சென்சார் பார்ப்பதையே மின்திரை காட்டுகிறது; வேண்டிய இடத்தைப் பெரிதாக்கியும் பார்க்கலாம். குவியத்திரை மாற்றுவது இனி மறையப்போகும் கைவேலை. ஆயினும் இதிலிருந்து எனக்கு ஒன்று தங்கியிருக்கிறது. பளிச்சென்ற அத்திரை எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கண்ணுக்கு இதமாக இருக்கும்பொருட்டு விளிம்பின் ஒளியைக் கழித்துக்கொண்டது, அவ்வளவுதான். தீர்மானிக்கும் வேலையை நம்மிடமிருந்து வாங்கிக்கொள்ளும் கருவிகள் பதிலுக்கு இதத்தைத் தருகின்றன. அந்த வேலையை நாம் திரும்பக் கேட்கும்போது, கொஞ்சம் இருட்டையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.