வெள்ளம் தடுத்த நந்தி

விருத்தாசலத்திலிருந்து திருச்சி செல்லும் இரயில் வழியில் உள்ளது பெண்ணாடம். தேவாரம் போற்றும் திருத்தூங்கானைமாடம் இதுவே. யானை படுத்திருப்பது போன்ற பின்புறம் கொண்ட விமானத்தின் கீழ்ப் பிரளயகாலேசுவரர் எழுந்தருளியுள்ளார். அம்பிகை அழகிய காதலி. திருநாவுக்கரசர் தம் தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் வேண்டிப் பெற்ற தலம்.

இங்கே நந்தியெம்பெருமான் சுவாமியை நோக்கியிராமல் வாயிலை நோக்கியுள்ளார். ஊழி வெள்ளம் பெருகி வந்தபோது அதனைத் தடுக்க இறைவன் ஆணையிட, அவர் அப்படித் திரும்பினார் என்பது தலவரலாறு.

தரிசனம் முடித்து வெள்ளாற்றங்கரைக்குச் சென்றேன். கோடை, நீரில்லை. மணல் இருந்த இடங்களில் களித்தரை வெடித்துக் கிடந்தது. மழைக்காலத்து நீரைத் தன்னுள் வாங்கி வைத்து, கரையோரக் கிணறுகளுக்குச் சிறுகச் சிறுகக் கொடுப்பது ஆற்று மணலே. அது போனால் கிணற்று நீரும் இறங்கிவிடும்.

விருத்தாசலத்தில் சுந்தரர் 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்ததை நாம் அறிவோம். அம்மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. வங்கியில் காலம் கழித்த எனக்கு, ஆற்று மணலும் முன்னோர் நம் பெயரில் விட்டுச்சென்ற வைப்புத்தொகையாகவே தோன்றியது. நீர் அதன் வட்டி. முதலையே எடுத்துச் செலவழித்தால் என்னாகும்? பசிபிக் கடலில், 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நவூருத் தீவு தன் பாஸ்பேட் தாதுவை வெட்டி விற்றுச் செழித்தது. தாது தீர்ந்தபின் தீவின் நடுநிலம் வெறும் பாறை முனைகளாயிற்று; சேர்த்து வைத்த நிதியும் கரைந்தது.

பணிக்காலத்தில் எத்தனையோ வீட்டுக் கடன்களுக்கு ஒப்புதல் அளித்தேன். பத்திரம் கேட்டேன், வில்லங்கச் சான்று கேட்டேன். மணல் எந்த ஆற்றிலிருந்து வருகிறது என்று ஒருமுறையும் கேட்டதில்லை. மதிப்பீட்டுப் பட்டியலில் அதுவும் ஒரு வரி, அவ்வளவே. 2003-இல் தமிழக அரசே மணல் குவாரிகளைத் தன் பொறுப்பில் ஏற்றபோதும், அதைச் செய்தியாகப் படித்துவிட்டு மறந்தேன்.

திரும்பும் வழியில் மீண்டும் நந்தியை வணங்கினேன். சுவாமிக்கு முதுகு காட்டி நிற்பினும் அவர் செய்வது சுவாமியின் பணியே. பேரன் வீடு கட்டும்போதும், ஊர்க்கோயில் திருப்பணிக் குழுவில் அமரும்போதும், மணல் எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்கலாம். கல் உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் போதுமான இடங்களில் அதையே பயன்படுத்தச் சொல்லலாம். வீட்டுப் பெரியவர் கேட்டால் பிள்ளைகள் மறுக்கமாட்டார்கள்.