சண்டை முடிந்த வருஷம்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிறந்த தேதி என்பது பெற்றோர் சொல்லி எழுதுவதன்று. காது சொல்லி எழுதுவது. முதல் வகுப்பில் சேர வந்த பிள்ளை வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொட்டுக் காட்ட வேண்டும். தொட்டால் ஐந்து வயது நிரம்பிற்று என்று பொருள். தொடாவிட்டால் அடுத்த ஆண்டு வர வேண்டியதுதான். 1956 ஜூன் மாதத்தில் என் விரல் காதுக்கு ஓர் அங்குலம் எட்டாமல் நின்றது. வாத்தியார் இரக்கப்பட்டு என் தலையைச் சற்றே சாய்த்துவிட்டார். விரல் காதைத் தொட்டது. ஜாதகப்படி 1952 மாசியில் பிறந்த நான், அந்த நொடியில் 1951 ஜூன் முதல் தேதிக்கு மாறிப் பிறந்தேன். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அதே நாள்தான் பிறந்த நாள்.

அந்தச் சாய்ப்பின் விலை பின்னாளில் தெரிந்தது. மைய அரசு அலுவலில் அறுபது வயதில் ஓய்வு. மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் முந்திய மாதத்தின் கடைசி நாளிலேயே விடைபெற வேண்டும் என்பது விதி. ஆகவே 2011 மே 31 பிற்பகல் தில்லியில் எனக்கு மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். மெய்யான கணக்கில் இன்னும் ஒன்பது மாத ஊழியம் எனக்கு மீதி இருந்தது. அது குறித்து எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. நான் எழுத வந்ததும் என் வயதைப் பற்றியன்று. என் அக்காவின் வயதைப் பற்றி.

அக்கா 1947 கார்த்திகையில் பிறந்தவள். ‘சுதந்திரம் வந்த வருஷத்துப் பெண்’ என்றுதான் அம்மா சொல்வாள். தேதிகளை அறியாத தஞ்சை ஜில்லாக் கிராமத்தில் வயதை அப்படித்தான் நினைவில் வைத்திருந்தார்கள்: சண்டை முடிந்த வருஷம், சுதந்திரம் வந்த வருஷம், பெரும்புயல் அடித்த வருஷம். 1962 வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம் என்று முடிவாயிற்று. அப்போது அவளுக்குப் பதினான்கரை வயது. எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள்.

எங்கள் தலைமையாசிரியர் அப்பாவைத் தேடி வீட்டுக்கே வந்தார். “பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். நன்றாகப் படிக்கிற பெண், நாளைக்கு டீச்சராக வருவாள். அதோடு சட்டப்படி இன்னும் வயதும் ஆகவில்லையே” என்றார். அவர் சொன்னது சரிதான். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் மணப்பெண்ணுக்குப் பதினைந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று விதித்திருந்தது. அப்பா கலங்கவில்லை. “பள்ளிக்கூடப் பதிவு காதைத் தொட்டு எழுதினதுதானே சார். சேர்க்கும்போது குறைத்துச் சொல்லிவிட்டோம். அவள் சண்டை முடிந்த வருஷம் பிறந்தவள்” என்றார். அதாவது 1945. ஒரே வாக்கியத்தில் அக்காவுக்கு இரண்டு வயது கூடிவிட்டது.

தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீ பொய் சொல்லமாட்டாய். உன் அக்கா எந்த வருஷம் பிறந்தவள்?”

எனக்குப் பத்து வயது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். “சண்டை முடிந்த வருஷம், சார்” என்றேன்.

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பெரிதாக ஒன்றும் நடந்திராது என்பதைப் பிற்காலத்தில் சட்டப் புத்தகங்களைப் புரட்டியபோது அறிந்தேன். சாரதா சட்டம் என்று நாம் வழங்கும் 1929ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்று எல்லை வகுத்தது. 1949இல் பெண்ணின் வயது பதினைந்தாயிற்று. ஆனால் அந்த எல்லையை மீறி நடந்த கல்யாணம் செல்லாது என்று அச்சட்டம் சொல்லவில்லை. நடத்தி வைத்தவர்களுக்குச் சிறு தண்டனை உண்டு, தாலி தாலிதான். பிறப்பைப் பதிவு செய்யாத நாட்டில் வயதுக்குச் சான்று தகப்பன் வாக்கு; தகப்பன் வாக்குக்குச் சான்று தம்பி வாக்கு.

அன்று முதல் இந்த எண்களின் மீது எனக்கு ஒரு கண் இருந்துவந்திருக்கிறது. பதினெட்டு, இருபத்தொன்று என்று அரசாங்கங்கள் கோடு கிழிக்கும்போது, எதை அளந்து கிழிக்கின்றன? நம் இலக்கணப் புலவர்களும் பெண்ணின் பருவத்தை ஏழாகப் பகுத்து எண்கள் கொடுத்தார்கள். ஒரு கணக்கின்படி பதினான்கு முதல் பத்தொன்பது வரை மடந்தைப் பருவம். அது உலாப் பாடுவதற்கான அளவுகோல். அரசாங்கத்தின் அளவுகோல் வேறு. பிள்ளையின் வளர்ச்சியை மட்டும் பார்த்து அது எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்லை. அந்தந்தக் காலத்தில் தன்னை அலைக்கழித்த கவலையைப் பார்த்தே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறது.

1875ஆம் ஆண்டு இந்திய வயதுவந்தோர் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்து தர்ம சாத்திர வழக்கில் பதினாறு வயதை ஒட்டி ஒருவன் தன் காரியங்களைத் தானே பார்க்கத் தக்கவனானான். இங்கிலாந்திலோ இருபத்தொன்று. இரண்டுக்கும் நடுவே பதினெட்டு என்று வெள்ளை அரசாங்கம் நிறுத்தியது. ஆனால் நீதிமன்றம் காப்பாளரை நியமித்த பிள்ளைகளுக்கும், வார்டு நீதிமன்றத்தின் பொறுப்பிலிருந்த ஜமீன் வாரிசுகளுக்கும் மட்டும் இருபத்தொன்று. அங்கே கவலை பிள்ளையைப் பற்றியன்று, சொத்தைப் பற்றியது. சொத்து கைக்கு வரக் காத்திருந்த அத்தகைய செல்வப் பிள்ளைகளைச் சுட்டிய ‘மைனர்’ என்ற சொல்லே நம் பக்கத்தில் ஜரிகை அங்கவஸ்திரமும் கழுத்துச் சங்கிலியுமாகத் திரிபவனுக்குப் பெயராகி, ‘மைனர் செயின்’ வரை வந்து நின்றது. அந்த இருபத்தொன்று 1999இல்தான் சட்டத்திலிருந்து நீங்கியது.

இன்னொரு எண் ஒரு சாவிலிருந்து பிறந்தது. 1890இல் கல்கத்தாவில் புல்மணி தாசி என்னும் சிறுமி கணவனால் உயிரிழந்தாள். இசைவு வயது அப்போது பத்து. மறு ஆண்டு அதைப் பன்னிரண்டாக உயர்த்த முற்பட்டபோது, அந்நியன் நம் வீட்டுக்குள் நுழையலாகாது என்று திலகர் போன்ற பெருந்தலைவர்களே எதிர்த்தார்கள். இரண்டே இரண்டு வயது கூட்டுவதற்கு நாடே கொந்தளித்தது.

திருமண வயது 1978இல் பெண்ணுக்குப் பதினெட்டாகவும் ஆணுக்கு இருபத்தொன்றாகவும் உயர்ந்ததன் பின்னணியில் இருந்தது மக்கள்தொகைக் கவலை. 1976ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கொள்கை அறிக்கையிலேயே அந்த இரு எண்களும் இடம்பெற்றுவிட்டன. அமெரிக்காவில் 1971இல் வாக்கு வயது பதினெட்டானதற்கு வியட்நாம் போர் ஒரு பெருங்காரணம். சாக அனுப்பும் பிள்ளைக்கு வாக்கில்லையா என்று அங்கே கேட்டார்கள். 2012 டிசம்பரில் தில்லியில் நடந்த கொடுமையை இந்நகரத்துத் தமிழ்க் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டார்கள். குற்றவாளிகளுள் ஒருவனுக்குப் பதினெட்டு நிரம்ப இன்னும் சில மாதங்கள் இருந்தன. அதன் விளைவாக 2015ஆம் ஆண்டுச் சட்டம், கொடிய குற்றமாயின் பதினாறு வயதுக்கு மேற்பட்டவரைப் பெரியவராகக் கருதி விசாரிக்க வழி செய்தது. ஆக, ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு சொத்தோ, சாவோ, கணக்கோ, போரோ இருக்கிறது.

இதனால் கோடே வேண்டாம் என்று சொல்வேனோ? மாட்டேன். கோடு இல்லாத இடத்தில் அப்பாவின் வாக்குத்தான் கோடு. அதை நான் கண்கூடாகப் பார்த்தவன்.

இனி 1967 பிப்ரவரி. அக்காவுக்குப் பத்தொன்பது வயது. இன்னும் மடந்தைப் பருவம் தாண்டாதவளுக்கு இரண்டு குழந்தைகள். பிள்ளை பெற்றவளைப் பார்த்துவர என்னை அம்மா அனுப்பியிருந்தாள். அன்று அந்த ஊரில் வாக்குப்பதிவு. சென்னை மாநிலத்தின் ஆட்சியையே மாற்றிய தேர்தல் அது. அக்கா வீட்டில் செய்தித்தாள் படிக்கத் தெரிந்த ஒரே பெண் அவள்தான். மாமனாருக்கு நாள்தோறும் உரக்கப் படித்துக் காட்டுவாள். எந்தச் சின்னம் எந்தக் கட்சிக்கு என்று மாமியாருக்கு விளக்கிச் சொன்னவளும் அவளே. மாமியார் உள்ளே போய் முத்திரை குத்திவிட்டு வந்தார். அக்கா வாக்குச்சாவடிக்கு வெளியே, புளியமரத்தடியில், இடுப்பில் ஒன்றும் கைப்பிடியில் ஒன்றுமாக நின்றுகொண்டிருந்தாள். அரசியலமைப்பு அப்போது வாக்குக்கு இருபத்தொரு வயது கேட்டது.

பட்டியல் எடுக்க வந்தவரிடம், “அதற்கு இன்னும் இருபதுகூட ஆகவில்லை” என்று அந்த வீட்டார் உண்மையைச் சொல்லியிருந்தார்கள். சண்டை முடிந்த வருஷம் என்று அன்றும் சொல்லியிருந்தால் அவள் பெயர் பட்டியலில் ஏறியிருக்கும். கல்யாணத்துக்குக் கூட்டிய வயதை வாக்குக்குக் கூட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சுமையை முன்கூட்டி ஏற்றுவதும் உரிமையைப் பின்தள்ளிக் கொடுப்பதும் சட்டத்தின் பழக்கம் மட்டுமன்று. வீட்டின் பழக்கமும் அதுதான். பதினேழரை வயதில் படையில் சேர்ந்து எல்லையில் காவல் நின்ற சிப்பாய்க்கும் அந்நாளில் அதே நிலைதான்.

அத்திம்பேருக்குத் தில்லியில் மைய அரசு வேலை கிடைக்க, 1969இல் அக்கா இங்கே வந்தாள். கரோல் பாக்கில் ஒற்றை அறை. 1971 மார்ச்சில் அங்கேதான் அவள் முதன்முதலாக வாக்களித்தாள். அப்போது அவளுடைய மூத்த மகன் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தான்.

61ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1989 மார்ச் 28 முதல் வாக்கு வயதைப் பதினெட்டாக்கியது. இளைஞர்கள் இப்போது கல்வியறிவும் தெளிவும் பெற்றிருக்கிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 1967இல் புளியமரத்தடியில் நின்றவளும் அவ்விரண்டும் பெற்றிருந்தவள்தான்.

2024 மே 25 அன்று தில்லியில் மக்களவைத் தேர்தல். அக்காவையும் அவள் பேத்தியையும் நான்தான் அழைத்துச் சென்றேன். பேத்தி 2006 பிப்ரவரியில் ஒரு மருத்துவமனையில் பிறந்தவள். நாள், மணி, நிமிடம் வரை சான்றிதழில் குறித்து வைத்திருக்கிறோம். காதைத் தொட்டுக் காட்ட வேண்டிய அவசியம் அவளுக்கு வரவில்லை. முன்பெல்லாம் ஜனவரி முதல் தேதியன்று வயது நிரம்பியிருந்தால்தான் அந்த ஆண்டுப் பட்டியலில் பெயர் வரும். ஜனவரி இரண்டில் பிறந்தவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும். 2022 முதல் ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் என்றாகிவிட்டபடியால், ஏப்ரல் முதல் தேதிக் கணக்கில் அவள் பெயர் சேர்ந்தது.

திரும்பும் வழியில் அவள் ஓயாமல் கேட்டுக்கொண்டே வந்தாள். வாக்குப் பதினெட்டில் என்றால் மக்களவைக்கு நிற்க ஏன் இருபத்தைந்து, மாநிலங்களவைக்கு ஏன் முப்பது, குடியரசுத் தலைவருக்கு ஏன் முப்பத்தைந்து? இருபது வயது அண்ணன் பிரதமரைத் தேர்ந்தெடுக்கலாம், கல்யாணம் மட்டும் செய்துகொள்ளக் கூடாதா? பெண்ணுக்கும் இருபத்தொன்று என்று 2021இல் கொண்டுவந்த மசோதா, 2024இல் மக்களவை கலைந்ததோடு காலாவதியாயிற்று என்று சொன்னேன். இருவருக்கும் பதினெட்டாகவே இருக்கட்டும் என்று 2018இல் சட்ட ஆணையம் ஓர் ஆலோசனை அறிக்கையில் கருதியதையும் சொன்னேன். மனைவி கணவனைவிட இளையவளாக இருக்க வேண்டும் என்ற பழைய வழக்கத்தைத் தவிர, இவ்விரண்டு எண்ணுக்கும் நடுவிலுள்ள மூன்றாண்டு இடைவெளிக்கு அவளை ஒப்புக்கொள்ள வைக்கும் காரணம் ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை.

அக்கா இவற்றில் கலந்துகொள்ளவில்லை. பேத்தியின் இடக்கை ஆள்காட்டி விரலைப் பிடித்து, மை காய்ந்துவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதற்குப் பிந்திய ஒரு நிகழ்ச்சி. அத்திம்பேர் மறைந்தபின் அக்கா குடும்ப ஓய்வூதியம் பெறுகிறாள். எண்பது வயது நிரம்பினால் அதில் நூற்றுக்கு இருபது கூடும். அத்திம்பேரின் பணிப் பதிவேட்டில் மனைவியின் பிறந்த தேதி 1945 ஜூலை 1 என்றிருக்கிறது; அப்பா சொன்ன ஆண்டோடு ஒரு குத்துமதிப்பான தேதியைச் சேர்த்து எழுதியிருக்கிறார். 2025 ஜூலையில் தொகை தானாகவே கூடிற்று. கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு அக்கா எனக்குத் தொலைபேசியில் சொன்னாள்: “தம்பி, எனக்கு இன்னும் எண்பது ஆகவில்லையே.”

இருக்கட்டும் அக்கா, இத்தனை ஆண்டுக்குப் பின் யார் கேட்கப்போகிறார்கள் என்றேன். அவள் ஒப்பவில்லை. சான்றுக்கு எங்கே போவது? பிறப்புப் பதிவு இல்லை. ஜாதகத்தை அலுவலகம் ஏற்காது. படித்த பள்ளிக்கு எழுதினோம். அக்காலத்துச் சேர்க்கைப் பதிவேடு இப்போது இல்லை என்று பதில் வந்தது. அப்பா இல்லை, அம்மா இல்லை, தலைமையாசிரியரும் இல்லை. அவள் பிறந்த ஆண்டை அறிந்தவன் என்று இனி எஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான். அதைப் பற்றிப் பொய் சொன்னவனும் நானே.

வழக்கறிஞர் ஒருவரிடம் போய்ப் பிரமாணப் பத்திரம் எழுதினோம். என் தமக்கை 1947ஆம் ஆண்டில் பிறந்தவர் என்பதை நான் அறிவேன் என்று கையெழுத்திட்டேன். அறுபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நல்ல மனிதர் வாசலில் நின்று கேட்ட கேள்விக்கு அதுதான் என் விடை. மனுவை அனுப்பியிருக்கிறோம்; முடிவு இன்னும் தெரியவில்லை.

“வந்த பணத்தையும் திருப்பிக் கேட்பார்கள் அக்கா” என்று எச்சரித்தேன்.

“கேட்கட்டும்” என்றாள். “அந்த இரண்டு வருஷம் என்னுடையதுதானே? அதை நான் திருப்பிக் கேட்கிறேன்.”