ஒரு கரண்டி சுண்ணாம்பு

சென்னையிலிருந்து பெங்களூருக்கு பஸ்ல போயிருக்கீங்களா பாஸ்? பள்ளிகொண்டா தாண்டி, ஆம்பூர் பிரியாணி ஞாபகம் வந்து நீங்க எழுந்து உட்கார்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, பாலாற்றை ஒட்டி ஓர் ஊர் வரும். மாதனூர். நீங்க தூங்கியிருப்பீங்க, பரவாயில்லை. அதுதான் நம்ம ஊர்.

போன வருஷம் எங்க சீனியர் ஒருத்தருக்கு பெங்களூர்ல வேலை கிடைச்சது. ட்ரீட் கொடுக்காம விடுவோமா? கூட்டிட்டுப் போன இடம் ஒரு 'மைக்ரோ ப்ரூவரி'. கண்ணாடிச் சுவருக்குப் பின்னாடி ஆளுயர அண்டாக்கள் பளபளன்னு நிக்குது. ''இங்கேயே காய்ச்சி, இங்கேயே புளிக்க வைக்கிறோம் சார். ஃபேக்டரி பீர் இல்ல, கிராஃப்ட்!'' என்றார் பரிமாறியவர். ஒரு மக் நானூறு ரூபாய்க்கு மேல. நான் லெமன் சோடா பார்ட்டி. ஆனாலும் அந்த 'கிராஃப்ட்'ங்கிற வார்த்தை மனசுல மாட்டிக்கிச்சு.

திரும்பி வந்ததும் தேடிப் படிச்சேன். பெங்களூருக்கு பீர் புதுசே இல்லை. தாமஸ் லெய்ஷ்மன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர், தென்னிந்தியாவில் இருந்த ஐந்து சின்ன ப்ரூவரிகளை 1915-ல் ஒண்ணா சேர்த்தார். அதுதான் யுனைடெட் ப்ரூவரீஸ். அந்த ஐந்தில் ஒண்ணு 1857-லேயே ஆரம்பித்த காஸில் ப்ரூவரி. இன்னொண்ணு நம்ம நீலகிரியைச் சேர்ந்தது. வெள்ளைக்கார சிப்பாய்களுக்கு மாட்டு வண்டியில் பீப்பாய் பீப்பாயாகப் போன சரக்கு அது. 1947-ல் விட்டல் மல்லையா முதல் இந்திய இயக்குநரா உள்ளே வந்தார். அப்புறம் பாட்டில், கிங்ஃபிஷர், காலண்டர்னு வளர்ந்து, 2021-ல் நெதர்லாந்தின் ஹைனகென் கைக்குப் போயிருச்சு. காலத்துக்குத் தகுந்த மாதிரி மாறிக்கிட்டே நூறு வருஷம் தாண்டிய கம்பெனி!

இந்தக் கதையை லீவுல எங்க தாத்தாகிட்ட சொன்னேன். அம்மாவைப் பெத்த தாத்தா. எழுபத்தஞ்சைத் தாண்டிட்டார். ''இன்னாடா சொல்ற? நானூறா? எத்தினி நாள்ல புளிக்குதாம்?''

''ரெண்டு மூணு வாரம் ஆகும் தாத்தா.''

''எனக்கு ஒரு ராத்திரி போதும்டா!''

ஆமாங்க, எங்க தாத்தா கள் இறக்கினவர். பனம்பாளையை இடுக்கியால் நசுக்கி, காலையும் சாயங்காலமும் காகிதம் மாதிரி மெல்லிசா சீவணும். சீவாம விட்டா வெட்டின இடம் காய்ஞ்சு, சொட்டுறது நின்னு போயிரும். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவினா கிடைக்கிறது பதநீர். தடவலைன்னா காத்துல இருக்கிற ஈஸ்ட்டும் பழைய கலயத்தோட அடியில ஒட்டியிருக்கிறதும் சேர்ந்து வேலையைக் காட்டிரும். காலையில கள். பதநீர் இறக்கினா தொழிலாளி, கள் இறக்கினா குற்றவாளி. நடுவுல இருக்கிறது ஒரு கரண்டி சுண்ணாம்பு!

எங்க பக்கம் இந்த விளையாட்டு ரொம்பப் பழசு. ராஜாஜி 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1939-ல் அது எங்க வட ஆற்காட்டுக்கும் வந்தது. 1948-ல் மாகாணம் முழுக்க. 1971-ல் கடையைத் திறந்தாங்க, 1974-க்குள் மூடினாங்க. 1981-ல் மறுபடி திறந்து, 1987 ஜனவரி 1-ல் இருந்து கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. பாட்டில் மட்டும் தப்பிச்சது. 2003-ல் அந்த பாட்டில் கடையையும் டாஸ்மாக் மூலமா அரசே நடத்த ஆரம்பிச்சது.

பதநீர் சீசன் சில மாசம்தான். மீதி மாசத்துக்கு? தாத்தா டேனரிக்குப் போனார். என்ன வேலை தெரியுமா? தோலில் இருக்கிற முடி கழல்றதுக்காக ஊறப்போடுற சுண்ணாம்புக் குழி. கலயத்துல ஒரு கரண்டி தொட்டவர், இடுப்பளவு சுண்ணாம்புத் தண்ணி பக்கத்துல நாள் முழுக்க நின்னார். அவர் விரலிடுக்குகளில் அரிச்ச தழும்பு இன்னிக்கும் இருக்கு.

'ஐயோ, கள்ளைத் தடை பண்ணிட்டாங்களே'ன்னு நான் ஆவேசமா பேச ஆரம்பிச்சப்ப, அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாங்க. ''உனக்கு இன்னா தெரியும்? பக்கத்து வூட்டு அத்தை கூலிக் காசு கேட்டு கள்ளுக்கடை வாசல்ல நின்னு அழுததை நான் பாத்திருக்கேன்.'' கள்ளில் மருந்து கலந்து வித்த கொடுமையும் நடந்திருக்கு. தாத்தா மறுக்கலை. ''மூடினது சரின்னே வச்சிக்கோம்மா. அந்த அத்தை பையன் இப்ப எங்க நிக்கிறான்?''னு மட்டும் கேட்டார். அம்மா பதில் சொல்லலை. அவர் நிக்கிறது எங்கேன்னு தெருவுக்கே தெரியும்.

குடிக்கச் சொல்லி இதை எழுதலை பாஸ். நான் இன்னமும் லெமன் சோடாதான். எனக்கு உறுத்துறது வேற. பீப்பாயில் ஆரம்பிச்ச ப்ரூவரிக்கு பாட்டிலாகவும், கம்பெனியாகவும், கடைசியில் 'கிராஃப்ட்' ஆகவும் மாறுறதுக்கு நூறு வருஷம் டைம் கிடைச்சது. எங்க தாத்தாவோட பனைமரத்துக்கு அது கிடைக்கலை. கலப்படத்தைத் தடுக்கவும் அளவைக் கட்டுப்படுத்தவும் வழி தேடாம, தொழிலையே இழுத்து மூடினோம். குடியாவது நின்னுச்சா?

அடுத்த தடவை ஊருக்குப் போனா, உங்க தாத்தா எந்த வேலையை விட்டுட்டு எந்த வேலைக்குப் போனார்னு கேட்டுப் பாருங்க. அப்படியே அவர் கையையும் ஒரு தடவை பாருங்க.