எல்லை வகுத்த பின்னரே ஏவுக

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. விடியற்காலையில் ஜீப்புகளில் அவற்றைக் கடந்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள், மூடுபனி இறங்குமுன் வீடு திரும்பியாக வேண்டும். ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றபின் அத்தகைய தோட்டமொன்றில் கணக்கெழுதும் பொறுப்பை நான் ஏற்றேன். சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்குக் கூலி வழங்குவது வழக்கம்.

பள்ளி மாணவர்க்கு மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2011-ஆம் ஆண்டில் தொடங்கியது. அவ்வாறு பெற்ற கணினியை, கல்லூரி முடித்த என் தங்கை மகன் எனக்குத் தந்தான். அதில் சிறு நிரல்கள் எழுதக் கற்றேன். கற்றது சிறிதே; செருக்கோ பெரிது. பல்லாண்டுப் பழக்கமான வருகைப் பேரேட்டையும் எழுதாது விட்டேன்.

ஒரு சனிக்கிழமை, அவ்வார வருகையைக் கணினியில் பதித்து, சேமிக்குமுன்னரே, கூலி கணக்கிடும் புதிய நிரலை ஏவினேன். முடிவு எய்தினால் நிற்க வேண்டிய சுழற்சி அது. நான் எழுதிய நிபந்தனையோ ஒருபோதும் நிறைவேறாதது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வரியை நினைவகத்தில் சேர்த்துக்கொண்டே அது ஓடியது. சற்று நேரத்தில் திரை உறைந்தது. சுட்டெலியை அசைத்தும் அம்பு நகரவில்லை. அரைமணி நேரம் காத்திருந்து, வேறு வழியின்றி மின்சாரத்தைத் துண்டித்தேன். ஒரு வாரத்து வருகைப் பதிவு மறைந்தது.

வெளியே ஜீப்புகள் காத்துநின்றன. முதியவள் ஒருத்தி வாயிலுக்கு வந்தாள். “உங்க பெட்டி நின்னுபோனா எங்க வீட்டு அடுப்பும் நிக்கணுமா ஐயா?” என்றாள். நான் தலைகுனிந்தேன். கையிலிருந்த பணத்தைத் தலைக்கு இவ்வளவென்று முன்பணமாகப் பகிர்ந்தளித்து அனுப்பினேன்.

மறுநாள் தங்கை மகன் விளக்கினான்: “மாமா, 1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இல், ஒரு நிரல் தானே வழிவிட்டால்தான் அடுத்தது இயங்கும். ஒன்று முரண்டு பிடித்தால் எல்லாம் நின்றுவிடும். இப்போதைய கணினிகள் பிராசசரின் நேரத்தைத் தாமே பங்கிடுகின்றன. ஆனால் நினைவகத்தைக் கேட்கக் கேட்கக் கொடுத்துவிடுகின்றன. அது நிறைந்ததும், உள்ளவற்றை வட்டுக்குத் தள்ளுவதும் திரும்ப எடுப்பதுமாகத் திணறுகின்றன. வட்டு மிக மெதுவானது. அதனால் அனைத்தும் உறைகின்றன. இறுதியில் லினக்ஸ் ஒரு நிரலைத் தானே கொன்றுவிடும். அதற்குள் பொழுது போய்விடும்.”

பரிகாரம் யாதென வினவினேன். நிரலை ஏவுமுன் ‘யூலிமிட்’ என்னும் கட்டளையால் நினைவகத்துக்கும் பிராசசரின் நேரத்துக்கும் உச்சவரம்பு இடலாம் என்றான். வரம்பு மீறினால் அந்நிரல் மட்டும் வீழும், பிற பிழைக்கும். ‘நைஸ்’ என்னும் கட்டளை அவசரமற்ற வேலையைப் பின்வரிசைக்கு அனுப்பும். விண்டோஸிலாயின், முற்றும் உறையுமுன், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் பட்டியலிலிருந்து அடங்காத நிரலை நிறுத்தலாம்.

இது புதிய ஞானமன்று. 1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11-இன் ஈகிள் கலம் நிலவில் இறங்குகையில், அதன் கணிப்பொறி வேலைப்பளு தாங்காது 1202 என்னும் எச்சரிக்கையை எழுப்பியது. அவ்வேளை தேவைப்படாத ராடார் அதன் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. நெருக்கடி நேரின் அவசரமற்றவற்றை உதறி, தரையிறங்க வேண்டியவற்றை மட்டும் தொடருமாறு அதனை முன்னரே அமைத்திருந்தனர். கலம் நலமே இறங்கியது.

அத்துணை தொலைவுகூட நான் போக வேண்டியதில்லை. எங்கள் ஏலக்காய் ஸ்டோரில் அடுப்பைக் காக்கும் பெரியவர், விறகை அளந்து எடுத்துவைத்த பின்னரே தீ மூட்டுவார். வெப்பம் மிகுந்தால் காயின் பசுமை கெடும்; விலை சரியும். கருகியபின் அடுப்பில் நீர் ஊற்றி என்ன பயன்? நாள்தோறும் அவரைக் கடந்து சென்றும் நான் கற்றிலேன்.

திங்களன்று ஒவ்வொருவரையும் அழைத்து, அவரவர் வந்த நாள்களைக் கேட்டுப் புதிதாய் எழுதினேன். அவர்கள் சொல்லே சான்று. சரிபார்க்க என்னிடம் எதுவுமில்லை. என்னைக் கேள்வி கேட்ட அம்மூதாட்டியின் முறை வந்தது. “புதன்கிழமை நான் வரலை ஐயா, அதைச் சேர்த்துடாதீங்க” என்றாள்.

ஆறு நாளென்று அவள் சொல்லியிருந்தால் ஆறு நாளுக்கும் கொடுத்திருப்பேன். தனக்குத் தானே எல்லை வகுத்துக்கொள்ள அவள் அறிந்திருந்தாள். கணிப்பொறி அதனை அறியாது. நாம்தாம் வகுத்துத் தரவேண்டும். இன்று வரம்பிடாமல் எந்நிரலையும் நான் ஏவுவதில்லை; சேமிக்காமல் அடுத்த வேலையைத் தொடுவதுமில்லை. மேசையின் மேல் பழைய பேரேடு மீண்டும் திறந்திருக்கிறது. சனிக்கிழமை நான்கு மணிக்கு ஜீப்புகள் நேரத்தோடு இறங்குகின்றன.