மாப்ளே முட்டை போட்டுச்சு!

'கோழி வளர்க்கிறேன்'னு காலேஜ்ல சொல்லிப் பாருங்க. அடுத்த செகண்டே என்ன கேள்வி வரும் தெரியுமா? ''எப்ப மச்சி குழம்பு?'' அதனால முதல்லயே சொல்லிடறேன்... இது குழம்புக் கதை இல்லை பாஸ்!

நாய்க்குட்டி வாங்கத்தான் ஞாயித்துக்கிழமைச் சந்தைக்குப் போனேன். விலையைக் கேட்டதும் பர்ஸ் பதறிப்போச்சு. பக்கத்துக் கூண்டுல, வெள்ளைப் பஞ்சு மூட்டைக்குக் காலு முளைச்ச மாதிரி ரெண்டு குஞ்சுக. ''சில்க்கி கோழி தம்பி. ஒண்ணு சேவல், ஒண்ணு பொட்டை. ஜோடி 1,500 ரூவா''ன்னு சூடம் அடிச்சு சத்தியம் பண்ணாத குறையா சொன்னார் கடைக்காரர். வாங்கிட்டேன்.

வீட்டுல அப்பத்தாதான் கோழி டிபார்ட்மென்ட்டுக்கு ஹெச்.ஓ.டி. அம்பது வருஷ சர்வீஸ். அட்டைப் பெட்டியைத் திறந்து பார்த்துட்டு, ''ஏய்யா, இது கோழியா, மொசலா?''ன்னுச்சு. முடியை விலக்கிப் பார்த்தா, உள்ளே தோலு கரிச்சட்டி மாதிரி கறுப்பு. காலை எண்ணினா, நாலு விரலுக்குப் பதிலா அஞ்சு. ''விரலு கூட இருக்கு, அறிவு இருக்கா பார்ப்போம்''னு தீர்ப்பு சொல்லிட்டுப் போயிடுச்சு.

தோல் மட்டும் இல்லீங்க, எலும்பும் கறுப்புதான். சீனாவுல இதுக்குப் பேரே 'கறுப்பு எலும்புக் கோழி'. 13-ம் நூற்றாண்டுல அந்தப் பக்கம் போன மார்க்கோ போலோவே, பூனை மாதிரி முடி வெச்ச கறுப்புக் கோழி அங்கே இருக்குன்னு சொல்லியிருக்கார். நம்ம மத்தியப் பிரதேசத்து கடக்நாத் தெரியுமில்லையா... 2018-ல புவிசார் குறியீடு வாங்கிச்சே, அதோட கறுப்புக்கும் இதோட கறுப்புக்கும் காரணம் ஒரே மரபணு மாற்றம்தான்.

பொட்டைக்குப் பேரு பஞ்சு. சேவலுக்கு, மாப்ளே. ஆறாம் மாசம் ஒருநாள் காலையில அப்பத்தா கூண்டுக்குள்ள கைய விட்டுட்டு, வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்குது. ''ஒன் மாப்ளே முட்டை போட்டிருக்காருடா!'' சில்க்கியில சின்ன வயசுல ஆணா பொண்ணானு கண்டுபிடிக்கிறது அனுபவசாலிகளுக்கே கஷ்டமாம். எனக்கு பல்பு. ஆனா, பேரை மாத்தலை.

இப்ப கொஞ்சம் டெக்னிக்கல். சாதாரண இறகுல இழைக்கு இழை கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கொக்கி இருக்கும். ஜிப் போட்ட மாதிரி கவ்விப் பிடிச்சுக்கும். அதனாலதான் இறகு தட்டையா நிக்குது, பறக்க முடியுது, மழை விழுந்தா வழுக்கிக்கிட்டு ஓடுது. சில்க்கிக்கு அந்தக் கொக்கி இல்லை. அதான் பட்டு மாதிரி இருக்கு, பறக்கவும் முடியாது. இதை நான் கிளாஸ்ல பெஞ்சு மேல உட்கார்ந்து லெக்சரே குடுத்திருக்கேன். கண்ணை மறைக்கிற கொண்டை முடியைத் தூக்கி தங்கச்சி ரப்பர் பேண்டு போட்டுவிட்ட போட்டோவைக் காட்டி லைக்ஸ் அள்ளியிருக்கேன்.

அவ்வளவு தெரிஞ்ச நான், ஐப்பசி மாசம் ஒருநாள் லேபுக்கு லேட்டாச்சுன்னு, கூண்டு மேல படுதாவைச் சும்மா போட்டுட்டுக் கிளம்பிட்டேன். கட்டலை. அன்னிக்கு வீட்டுல எல்லாரும் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாங்க. மதியம் மூணு மணிக்குப் பிடிச்ச மழை ஆறு மணி வரைக்கும் விடலை. நான் வந்து பார்க்கறப்ப, படுதா வேலியில கிடக்கு. முருங்கை மரத்தடியில அப்பத்தாவோட நாட்டுக்கோழிங்க ஒரு உதறு உதறிட்டு மேய ஆரம்பிச்சிருச்சு. கூண்டுக்குள்ள ரெண்டும் ஊறிப்போய், நனைஞ்ச துணி மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நடுங்குதுங்க. அந்தப் பஞ்செல்லாம் போனதுக்கப்புறம் உடம்புனு ஒரு கைப்பிடிதான் இருந்துச்சு.

தங்கச்சியோட ஹேர் டிரையர், குண்டு பல்பு, அப்பத்தாவோட பழைய நூல் சேலைனு ராத்திரி முழுக்கப் போராடினோம். மாப்ளே தேறிடுச்சு. விடிகாலையில பஞ்சு போயிடுச்சு. யாரும் என்னைத் திட்டலை. அதுதான் தாங்கலை. கொக்கி இல்லைன்னா தண்ணி வழியாது. தண்ணி வழியலைன்னா குளிரு உள்ளே போகும்... ரெண்டு வரி. லெக்சர் குடுத்த வாய்க்குத் தெரிஞ்சது, படுதா கட்ட வேண்டிய கைக்குத் தெரியலை.

தை மாசம் மாப்ளே அடைக்கு உட்கார்ந்துச்சு. சில்க்கிக்கு இந்த அடைப் பைத்தியம் ரொம்ப அதிகம். முட்டையை எடுத்துட்டா, உருண்டு வந்த உருளைக்கிழங்கு மேல உட்கார்ந்துக்கிச்சு! தீனிக்குக்கூட எந்திரிக்கலை, வத்திக்கிட்டே வருது. ''அடை கலைக்க தண்ணியில முக்குவோம்'' என்று ஆரம்பித்த அப்பத்தா, என் மூஞ்சியைப் பார்த்துட்டுப் பாதியில நிறுத்திருச்சு. அப்புறம் போய், தன்னோட நாட்டுக்கோழி முட்டை அஞ்சைக் கொண்டாந்து அடியில வெச்சுச்சு.

அதே நாள், மினி ப்ராஜெக்ட்டுக்கு நான் செஞ்ச இன்குபேட்டர்லயும் நாலு முட்டை. தெர்மகோல் பெட்டி, பல்பு, சின்ன ஃபேன், டெம்பரேச்சர் கன்ட்ரோலர். 37.5 டிகிரி, 21 நாள். ஈரப்பதத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணி. முட்டையை நேரா நேரத்துக்குக் கையால திருப்பணும். ஓட்டுல பென்சிலால குறி போட்டு, அலாரம் வெச்சுத் திருப்பினேன். மாப்ளே அலாரம் எதுவும் வெக்கலை. தூக்கத்துலயே அலகால ஒரு இழுப்பு, ஒரு உருட்டு. ஓர முட்டை நடுவுக்கு வரும், நடு முட்டை ஓரத்துக்குப் போகும்.

பதினாலாம் நாள் ராத்திரி கரன்ட் போச்சு. பேட்டரி பேக்கப் வைக்கணும்னு ரிப்போர்ட்டுல 'எதிர்காலத் திட்டம்'னு எழுதியிருந்தேன். (அந்தத் தலைப்புல நாம எல்லாரும் எதை எழுதுவோம்னு உங்களுக்குத் தெரியாததா?) ஒரு மணி நேரம் பார்த்தேன். 35... 33... 31. படிச்சதை இந்தத் தடவை கைக்குச் சொன்னேன். நாலு முட்டையையும் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு, செல்போன் வெளிச்சத்துல கூண்டுகிட்ட போனேன். ஒவ்வொண்ணா நீட்ட நீட்ட, மாப்ளே கழுத்தை நீட்டி, தாடைக்கு அடியில கொடுத்து உள்ளே இழுத்துக்கிச்சு. கணக்கெல்லாம் கேட்கலை.

இருபதாம் நாள் முட்டைக்குள்ள இருந்து 'கீச்'சுன்னு சத்தம். மாப்ளே தொண்டைக்குள்ளயே மெதுவா பதில் சொல்லுது. பக்கத்துல உட்கார்ந்து அதைக் கேட்டேன் பாருங்க... செமஸ்டர் ரிசல்ட்டுக்குக்கூட நெஞ்சு அப்படி அடிச்சதில்லை. ஒன்பதுல ஏழு பொரிச்சுச்சு. அதுல பென்சில் குறி போட்ட ஓடு ரெண்டு. ரிவ்யூல, ''அவுட்புட் எங்கேப்பா?''ன்னு கேட்டாங்க. போட்டோவைக் காட்டினேன். மார்க்கு சுமார்தான்.

ஒண்ணரை மாசத்துல பிள்ளைங்களுக்குக் கொக்கி வெச்ச றெக்கை முளைச்சு, பொழுதுபட்டா முருங்கை மரத்துல ஏறிடுச்சுங்க. கொஞ்ச நாளைக்கு மாப்ளே கீழே நின்னு அண்ணாந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் கூண்டுக்கு வந்துடும்.

இதை எழுதறப்ப மறுபடி ஐப்பசி. காலேஜ் கிளம்பறதுக்கு முன்னாடி படுதாவை இழுத்து ரெண்டு முடிச்சு போட்டுக்கிட்டு இருந்தேன். திண்ணையில வெத்தலை இடிச்சுக்கிட்டிருந்த அப்பத்தா குரல் குடுத்துச்சு...

''மாப்ளைனு பேரு வெச்சிருக்கேல்ல? மூணாப் போடுடா!''